கொல்லர் மகனும் தச்சர் மகனும் ஆக்கிய சொற்கள்

(அறிவியல் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டு மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



அறிவியலிலும் கண்டுபிடிப்புகளிலும் வழங்கும் ஆங்கிலச் சொற்களை எப்படிக் கற்பது? இதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு பட்டியலை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நூறு சொல், நூறு பொருள், ஒரு வாரம் உருப்போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பட்டியலை நான் கொண்டுவரவில்லை. பட்டியல் எந்தக் கடையிலும் கிடைக்கும். உருப்போட்ட சொல் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். மறக்காமல் நிற்க வழி என்ன என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள். ஒளிச்சேர்க்கை பற்றிப் பக்கம் பக்கமாகத் தடையில்லாமல் எழுதியவர்கள். கல்லூரி வகுப்பில் பேராசிரியர் ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்று சொன்னதும் என்ன ஆகிறது? தெரிந்த பாடமே தெரியாத பாடம் ஆகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுகிறார். நீங்கள் தலைகுனிகிறீர்கள். உள்ளுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறீர்கள்: “இந்தச் சொற்கள் அவர்களுக்குச் சொந்தம், நமக்கு எட்டாது.”

அந்தத் தீர்ப்பை இன்று நான் உடைக்க வேண்டும். அதற்கு உங்களை லண்டன் மாநகருக்கு அழைத்துப் போகிறேன்.

லண்டனுக்குத் தெற்கே, நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில், 1791ஆம் ஆண்டு ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார் மைக்கேல் ஃபாரடே. தந்தைக்கு உடல்நலம் சரியில்லை. வீட்டில் வறுமை. விலைவாசி ஏறிய ஓர் ஆண்டில் அந்தச் சிறுவனுக்கு ஒரு ரொட்டியைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள் என்றார்களாம். பள்ளியில் அவர் கற்றது எழுத, படிக்க, கொஞ்சம் கணக்குப் போட. அவ்வளவுதான். அவருக்கு ரகரம் நாவில் வராது. ராபர்ட் என்ற தன் அண்ணன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாமல் ஆசிரியையின் கோபத்துக்கு ஆளானார், தாய் அவரை அந்தப் பள்ளியிலிருந்தே அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது. எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயர் வீட்டில் பிறந்த பிள்ளை. தாய்மொழி ஆங்கிலம். அவருக்கே ஆங்கிலம் தடுக்கியது.

பதினான்கு வயதில் ரீபோ என்பவரின் கடையில் புத்தகம் தைத்து அட்டை கட்டும் வேலை பழகச் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள். தைக்க வந்த புத்தகங்களைத் தைப்பதோடு நிறுத்தாமல் படிக்கவும் செய்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அப்படித்தான் கையில் கிடைத்தது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் வேதியியலை உரையாடல் வடிவில் எழுதிய புத்தகமும் அப்படித்தான் கிடைத்தது. ஓர் ஆசிரியை, இரண்டு மாணவிகள். அவர்கள் கேட்கிறார்கள், ஆசிரியை விளக்குகிறார். அந்தப் புத்தகம்தான் ஃபாரடேக்கு வேதியியல் வாத்தியார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகு, தன் ஆய்வுக் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பிவந்தார்.

1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க ஒருவர் அவருக்கு அனுமதிச் சீட்டு தந்தார். அந்த நாள் வேதியியலின் பெரும் பெயர் டேவி. ஃபாரடே கேட்டார், குறிப்பெடுத்தார், வீட்டுக்கு வந்து விரிவாக எழுதினார், படம் வரைந்தார், தன் கையாலேயே அட்டை கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச் மாதம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

இனிதான் நம் தலைப்புக்குள் வருகிறோம்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1833இலும் 1834இலும், ஃபாரடே கரைசல்களுக்குள் மின்சாரம் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உலோகத் தகடுகளை உப்புக் கரைசலில் அமிழ்த்தி மின்கலத்தோடு இணைத்தால் கரைசல் பிரிகிறது. ஒரு பங்கு இந்தத் தகட்டிலும் மறு பங்கு அந்தத் தகட்டிலும் போய்ச் சேர்கிறது. எவ்வளவு மின்சாரம் போனால் எவ்வளவு பொருள் பிரியும் என்ற விதியையும் கண்டுவிட்டார். விதி கையில் இருக்கிறது. அதைச் சொல்லச் சொல் இல்லை!

அதுவரை அந்தத் தகடுகளைத் ‘துருவம்’ என்று அழைத்துவந்தார்கள். காந்தத்தின் துருவம் இரும்பை இழுப்பதுபோல இந்தத் துருவம் பொருளை இழுக்கிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. தன் சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை என்று ஃபாரடே கருதினார். பழைய சொல்லை வைத்துக்கொண்டு புதிய உண்மையை எழுதினால் படிப்பவர் பழைய எண்ணத்துக்கே போவார். ஆகவே எந்த முடிவையும் முன்கூட்டித் திணிக்காத சொற்கள் அவருக்கு வேண்டியிருந்தன.

புதுச் சொல் ஆக்குவதென்றால் அன்றைய வழக்கப்படி கிரேக்கம் தெரிய வேண்டும். புத்தகம் தைத்த கைக்குக் கிரேக்கம் எங்கிருந்து வரும்? ஃபாரடே வெட்கப்படவில்லை. கேட்டார். முதலில் தன் மருத்துவ நண்பரைக் கேட்டு ‘எலக்ட்ரோடு’, ‘எலக்ட்ரோலைட்’ போன்ற சொற்களை ஆக்கிக்கொண்டார். மற்றவற்றில் மனம் நிறையவில்லை. 1834 ஏப்ரல் 24ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதினார். மறுநாளே பதில் எழுதினார் ஹியூவெல்.

யார் இந்த ஹியூவெல்? லங்காஸ்டர் என்ற ஊரில் ஒரு தச்சரின் மகன். படிப்பால் உயர்ந்து டிரினிட்டி கல்லூரிக்குப் போனவர், பின்னாளில் அதன் தலைவர் ஆனவர். இன்று நீங்கள் எல்லாரும் ஆக விரும்புகிறீர்களே ‘சயின்டிஸ்ட்’, அந்தச் சொல்லே 1833இல் கேம்பிரிட்ஜ் கூட்டம் ஒன்றில் இவர் முன்மொழிந்ததுதான். அதற்குமுன் அறிவியலில் ஈடுபட்டவர்களைப் பெரும்பாலும் இயற்கைத் தத்துவவாதிகள் என்று அழைத்தார்கள்.

ஹியூவெல் தந்த சொற்கள் ‘ஆனோடு’, ‘கேத்தோடு’. கிரேக்கத்தில் ‘ஹோடோஸ்’ என்றால் வழி. ‘ஆனோ’ என்றால் மேல். ‘காட்டோ’ என்றால் கீழ். மேலேறும் வழி, கீழிறங்கும் வழி. ஏன் இந்தப் பெயர்? ஃபாரடே தன் மனத்தில் ஒரு காட்சியை வைத்திருந்தார். பூமியின் காந்தத்தன்மைக்கு ஒரு மின்னோட்டம் காரணம் என்று கொண்டால், அது கிழக்கிலிருந்து மேற்கே, சூரியன் போகும் திசையில் போக வேண்டும். கரைசலில் ஓடும் மின்சாரத்தையும் அதற்கு இணையாக வைத்துப் பாருங்கள். மின்சாரம் உள்ளே நுழையும் பக்கம் கிழக்கு, சூரியன் ஏறும் வழி: ஆனோடு. வெளியேறும் பக்கம் மேற்கு, சூரியன் இறங்கும் வழி: கேத்தோடு. நடுவில் பயணம் போகிற துகளுக்கு ‘அயான்’ என்று பெயர் வைத்தார்கள். ‘செல்வது’ என்று பொருள். தமிழில் அயனி என்று எழுதுகிறோம்.

லண்டனில் சிலர் இந்தப் புதுச் சொற்களைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஹியூவெல்லின் பெயரைச் சொன்னதும் எதிர்ப்பு கரைந்துபோனது என்று ஃபாரடே அவருக்கு நன்றியோடு எழுதினார். அந்த ஆண்டே சொற்கள் அச்சேறின. உங்கள் பையில் இருக்கும் கைபேசியின் மின்கலத்தைப் பாருங்கள். ‘லித்தியம் அயான்’ என்று போட்டிருக்கும். ஒரு கொல்லரின் மகன் கேட்டு, ஒரு தச்சரின் மகன் தந்த சொல் அது!

இப்போது சொல்லுங்கள். இந்தச் சொற்கள் யாருக்குச் சொந்தம்? ஆங்கிலேயருக்கா? 1834இல் லண்டன் தெருவில் நடந்த எந்த ஆங்கிலேயனுக்கும் இவை தெரியாது. அவன் பாட்டியும் சொன்னதில்லை, அவன் பாதிரியாரும் சொன்னதில்லை. நமக்கு எவ்வளவு அந்நியமோ அவனுக்கும் அவ்வளவு அந்நியம். அறிவியல் ஆங்கிலத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்டது. கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் எடுத்து, தேவைப்பட்ட நாளில், தேவைப்பட்டவர்கள் கட்டியது. கட்டியவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, ஆண்டு உண்டு. கட்டியதை எல்லாம் பிரிக்கலாம். பிரித்தால் பொருள் தெரியும்.

நம் நாட்டுச் சொல்லும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. மாணிக்கமும் நீலக்கல்லும் எந்தக் கனிமத்தின் வகைகளோ, அதற்கு ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று பெயர். கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு அடுத்து நிற்பது. அந்தச் சொல் குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. இன்னொன்று ‘வூட்ஸ்’. தென்னிந்திய உலைகளில் மண் மூசையில் வைத்து உருக்கிய எஃகுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். கன்னடத்தின் ‘உக்கு’ என்ற சொல்லிலிருந்து அது வந்திருக்க வேண்டும் என்பது சொல்லாய்வாளர் கருத்து. நம்முடைய ‘உருக்கு’ அதன் உறவு. அந்த வூட்ஸ் எஃகை எடுத்து ஆராய்ந்து 1819இல் கட்டுரை எழுதிய இளைஞர் யார் தெரியுமா? அதே மைக்கேல் ஃபாரடே. நம் உலைக்களத்துப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் நுழையாத நம் சொல்லை அவர் எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறார். அவர் கூச்சப்பட்டாரா? நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

அடுத்து, இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. தமிழ்வழியில் படித்த உங்களிடம் ஒரு சாவி இருக்கிறது. அது கையில் இருப்பது உங்களுக்கே தெரியவில்லை.

ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைக் கேட்ட தமிழ்ப் பிள்ளைக்கு அதில் ஒளி தெரிகிறது, சேர்க்கை தெரிகிறது. ஃபோட்டோசிந்தசிஸ் என்ற சொல்லைக் கேட்ட ஆங்கிலப் பிள்ளைக்கு அதில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ‘ஃபோட்டோ’ என்றால் ஒளி, ‘சிந்தசிஸ்’ என்றால் சேர்த்துக் கட்டுதல் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். உங்களுக்கு அது முன்பே தெரியும். வெப்பமானி: தெர்மோமீட்டர். தெர்மோ வெப்பம், மீட்டர் மானி. நுண்ணோக்கி: மைக்ராஸ்கோப். மைக்ரோ நுண், ஸ்கோப் நோக்கி. தொலைநோக்கி: டெலஸ்கோப். டெலி தொலை. உயிரியல்: பயாலஜி. பயோ உயிர், லாஜி இயல். ஒவ்வொன்றும் பகுதிக்குப் பகுதி பொருந்துகிறதே! நம் முன்னோடிகள் இந்தச் சொற்களைத் தமிழில் ஆக்கியபோது பொருளை வெளிச்சத்தில் வைத்து ஆக்கினார்கள்.

சும்மா வந்த சொற்கள் அல்ல இவை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள், இதழும் நடத்தினார்கள். பெ.நா. அப்புசாமி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அறிவியலைத் தமிழில் எழுதுவதற்கே கொடுத்தார். அவர்கள் உழைப்பு உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை மறந்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகாதீர்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஒரு பகுதி தெரிந்தால் போதும். கல்யாண வீட்டில் ஒருவரைத் தெரிந்துகொண்டால் அவர் வழியாகப் பத்து உறவினர் அறிமுகமாவதுபோல, ஒரு பகுதி பத்துச் சொற்களைக் கொண்டுவரும். ஃபாரடேயின் சொல்லையே எடுத்துக்கொள்வோம். எலக்ட்ராலிசிஸ். அதில் ‘லிசிஸ்’ என்பது அவிழ்த்தல், பிரித்தல். மின்சாரத்தால் பிரித்தல், மின்னாற்பகுத்தல். இனி ஹைட்ராலிசிஸ் வந்தால்? நீரால் பிரித்தல். பைராலிசிஸ்? பைரோ நெருப்பு, ஆகவே வெப்பத்தால் பிரித்தல். டயாலிசிஸ்? நம் ஊரில் எத்தனை குடும்பங்களுக்குத் தெரிந்த வேதனையான சொல். சவ்வின் ஊடாகப் பிரித்தல் என்ற பொருளில் தாமஸ் கிரஹாம் என்ற வேதியியலாளர் 1861இல் வழக்குக்குக் கொண்டுவந்தது. சிறுநீரகம் பிரிக்க வேண்டியதை எந்திரம் பிரித்துத் தருகிறது.

மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனால் பலகைகளைப் படித்துக்கொண்டே நடங்கள். கார்டியாலஜி, இதயம். நெஃப்ராலஜி, சிறுநீரகம். நியூராலஜி, நரம்பு. பக்கத்திலேயே தமிழிலும் எழுதியிருப்பார்கள். இசிஜி என்று மூன்றெழுத்தில் சுருக்கிச் சொல்கிறோமே, அதன் முழுப்பெயர் எலக்ட்ரோகார்டியோகிராம். மின், இதயம், பதிவு. ‘ஐட்டிஸ்’ என்று முடியும் நோய்ப்பெயர் எதைக் கண்டாலும் அங்கே ஓர் அழற்சி இருக்கிறது: டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ், ஹெபடைட்டிஸ். மருந்துக்கடை வாசலில் நிற்கும் பத்து நிமிடத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும்.

வேதியியல் மாணவர்களுக்கு ஒரு தனிச் சொல். சல்ஃபைடு, சல்ஃபைட், சல்ஃபேட் என்ற மூன்றையும் குழப்பிக்கொள்ளாதவர் இங்கே உண்டா? 1787இல் பிரான்ஸில் லவாய்சியரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து வேதிப் பெயரிடலுக்கு ஒரு முறை வகுத்தார்கள். அதற்குமுன் பெயர்கள் பலவும் நிறத்தாலும் தோற்றத்தாலும் வந்தவை. நாம் மயில்துத்தம் என்று சொல்வதை அவர்கள் நீல விட்ரியால் என்றார்கள். அழகான பெயர்தான். அதற்குள் செம்பு இருப்பதைப் பெயர் சொல்லவில்லையே? காப்பர் சல்ஃபேட் என்ற பெயர் சொல்கிறது. கந்தகத்தோடு ஆக்சிஜன் சேராவிட்டால் சல்ஃபைடு. சேர்ந்தால், குறைவாக இருப்பது சல்ஃபைட், கூடுதலாக இருப்பது சல்ஃபேட். நைட்ரைட், நைட்ரேட் என்பதிலும் அதே ஒழுங்குதான். விகுதி தெரிந்தால் பொருளின் உள்ளமைப்பு தெரியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிரித்தால் பொருள் வரும் என்றேன். வந்த பொருள் எப்போதும் உண்மையாக இருக்காது.

‘ஆக்சிஜன்’ என்றால் அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று நம்பி லவாய்சியர் வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பதை 1810இல் காட்டியவர் ஃபாரடேயின் குரு டேவி. பெயர் மாறவில்லை. ‘மலேரியா’ என்றால் கெட்ட காற்று. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் ஒட்டுண்ணியைக் கண்டார் ரொனால்டு ராஸ். பெயர் மாறவில்லை. ‘ஆட்டம்’ என்றால் வெட்ட முடியாதது. அதே 1897இல் ஜே.ஜே. தாம்சன் அணுவைவிடச் சிறிய எலக்ட்ரானைக் கண்டார். பெயர் மாறவில்லை.

‘ஹீலியம்’ கதை நம் பக்கத்து ஊரில் நடந்தது. 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு பிரான்ஸிலிருந்து ஜான்சன் என்ற வானியலாளர் வந்து முகாமிட்டிருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியனின் விளிம்பில் எழுந்த தீநாக்குகளின் ஒளியை நிறமாலைமானி வழியே பிரித்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் கிரகணம் இல்லாமலே அந்த ஒளியை ஆராய்ந்தார். அதில் இருந்த ஒரு மஞ்சள் கோடு, பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. கிரேக்கத்தில் ‘ஹீலியோஸ்’ என்றால் சூரியன். சோடியம், பொட்டாசியம் போல உலோகப் பெயருக்குரிய ‘இயம்’ விகுதியோடு ஹீலியம் ஆயிற்று. 1895இல் ராம்சே அதைப் பூமியிலேயே பிடித்துப் பார்த்தால், அது உலோகம் அல்ல, வாயு! அதன் குடும்பத்தில் மற்றவர்கள் நியான், ஆர்கான் என்று முடிகிறார்கள். ஹீலியம் மட்டும் இன்றும் உலோகப் பெயரோடு நிற்கிறது.

இவற்றை ஏன் சொல்கிறேன்? ஒரு சொல்லின் பிழையைத் தெரிந்துகொள்ளும்போது, அறிவியல் எங்கே நின்று எங்கே நகர்ந்தது என்பதையும் தெரிந்துகொள்கிறீர்கள். அப்படித் தெரிந்துகொண்ட சொல் மறக்கவே மறக்காது.

இதில் நம் தமிழ்ச் சொல்லும் தப்பவில்லை. ஆனோடு என்பதற்கு நேர்மின்முனை அல்லது நேர்மின்வாய் என்று படித்தோம். மின்னாற்பகுப்பில் அது சரி. டார்ச் விளக்கில் போடும் மின்கலத்துக்கு வாருங்கள். அங்கே துத்தநாகம்தான் ஆனோடு. ஆனால் அதுதான் எதிர்முனை! பிளஸ் டூவில் எத்தனை பேர் இங்கே குழம்பியிருப்பீர்கள்? ஃபாரடே நேர், எதிர் என்ற குறியைப் பெயருக்குள் வைக்கவே இல்லை. மின்சாரம் கரைசலுக்குள் நுழையும் வழி எதுவோ அது ஆனோடு. மின்கலத்திலும் கரைசலுக்குள் மின்சாரம் துத்தநாகத்தின் பக்கமிருந்துதான் நுழைகிறது. இந்த ஓர் இடத்தில் ஆங்கிலச் சொல் தமிழ்ச் சொல்லைவிடத் தெளிவு. வேறு நூறு இடத்தில் தமிழ்ச் சொல் தெளிவு. இரண்டு மொழியும் தெரிந்தவர் இரண்டு பக்கமும் ஒளி பெறுகிறார். மொழியை வைத்துச் சண்டை போடுகிறவர்களுக்கு இந்த லாபம் கிடையாது.

நீளமான கிரேக்கச் சொற்களைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையான ஆபத்து சின்னச் சொற்களில் இருக்கிறது. வொர்க், பவர், ஃபோர்ஸ், ஃபீல்டு, செல், சார்ஜ். இவை தெருவில் புழங்கும் சொற்கள். தெரிந்த சொல்தானே என்று தாண்டிவிடுகிறோம். ஒருவர் தலையில் ஐம்பது கிலோ மூட்டையோடு பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் அசையாமல் நிற்கிறார். கழுத்து நோகிறது, வியர்வை கொட்டுகிறது. இயற்பியல் என்ன சொல்கிறது? மூட்டை நகரவில்லை, மூட்டையின்மேல் செய்த ‘வொர்க்’ பூஜ்யம். பவர் கட் என்கிறோம். இயற்பியலில் ‘பவர்’ என்பது வேலை நடக்கும் வேகம். அதன் அலகு வாட். மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட் என்று இருப்பது கிலோவாட் மணி. நூறு வாட் விளக்கு பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். அது பவர் அல்ல, எனர்ஜி. தமிழில் திறன், ஆற்றல், விசை என்று மூன்றையும் மூன்றாகப் படித்தோமே, அந்தப் பிரிவை ஆங்கிலத்திலும் காப்பாற்றுங்கள். ‘தியரி’ என்ற சொல்லும் அப்படியே. தெருவில் அதற்கு ஊகம் என்று பொருள். அறிவியலில் ஊகத்துக்கு ‘ஹைபாதசிஸ்’, கருதுகோள் என்று தனிப்பெயர் இருக்கிறது. சோதனைகளைத் தாங்கி நின்ற விளக்கம்தான் தியரி, கோட்பாடு.

கண்டுபிடிப்பு என்ற நம் சொல் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்கிறது. ஏற்கெனவே இருப்பதைக் காண்பது ‘டிஸ்கவரி’. இல்லாததை ஆக்குவது ‘இன்வென்ஷன்’. ஹீலியம் முன்னது. அதைக் காட்டிக்கொடுத்த நிறமாலைமானி பின்னது. ஆங்கிலத்தில் எழுதும்போது இதை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். சொல்லை எழுதுங்கள், பகுதிகளைப் பிரித்து எழுதுங்கள், தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் எழுதுங்கள், அது எந்தப் பொருளைக் குறிக்கிறதோ அதை ஆய்வுக்கூடத்தில் போய்ப் பாருங்கள். அயான் என்ற சொல்லை ஆயிரம் முறை எழுதுவதைவிட, ஒரு குவளையில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி இரண்டு கம்பியை விட்டு மின்கலத்தோடு இணைத்து, செம்பு படிவதை ஒருமுறை பார்த்தால் அந்தச் சொல் உங்களுடையதாகிவிடும். பிறகு அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம், நீங்களே, ஆங்கிலத்தில். பிழை இருக்கட்டும். எழுதுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். புத்தகத்தில் படித்துக் கற்றவர்தான் ஒரு சொல்லின் உச்சரிப்பைத் தவறவிடுவார். அதில் சிரிக்க எதுவும் இல்லை. சிரிப்பவர் இருந்தால் அவர் முன்னால் இன்னும் உரக்கச் சொல்லுங்கள், அவரே திருத்தட்டும்.

ஃபாரடே என்ன செய்தார் என்று சொல்லி என் பேச்சை நிறைவு செய்கிறேன். இளவயதில் தன் மொழிநடை போதாது என்று உணர்ந்து, அதைத் திருத்திக்கொள்வதற்கென்றே அபட் என்ற நண்பருக்கு நீளமான கடிதங்கள் எழுதினார். வேலையில் சேர்ந்த பிறகு, தன்னைப் போன்ற ஐந்தாறு இளைஞர்களை மாலை வேளையில் தன் அறைக்கு அழைத்தார். சேர்ந்து படித்தார்கள். ஒருவர் உச்சரிப்பை ஒருவர் திருத்தினார்கள். ஒருவர் வாக்கியத்தை ஒருவர் சீர்செய்தார்கள். ஒளிவுமறைவு இல்லாமல் குறை சொன்னார்கள். பல ஆண்டுகள் இது நடந்தது. அந்த இளைஞர்தான் பின்னாளில் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைப் பத்தொன்பது முறை நடத்தி, ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே வேதியியலைச் சொல்லிக்கொடுத்தார்.

பேராசிரியப் பெருமக்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுச் சொல் வரும்போது கரும்பலகையில் அதைப் பிரித்து எழுதி, தமிழ்ச் சொல்லையும் ஒருமுறை வாயால் சொல்லுங்கள். அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை வகுப்புக்குள் வந்துவிடும்.

மாணவர்களே, இந்த வாரமே ஐந்து பேர் சேருங்கள். விடுதியில் ஓர் அறை, வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கையில் ஒரு பாடப்புத்தகம். ஆங்கிலவழியில் படித்த நண்பர் ஒருவரைக் கட்டாயம் அழைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் உச்சரிப்பைத் திருத்தட்டும், நீங்கள் அவருக்கு நீராற்பகுத்தல் என்றால் என்ன என்று தமிழில் விளக்குங்கள். தேர்வுவரை காத்திருக்க வேண்டாம். வருகிற சனிக்கிழமையே தொடங்குங்கள்.